ஏறாமல் போட்ட கையெழுத்து

மதிப்பும் பிரியமும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நல்லது என்றால் என்ன, அது யாருக்கு நல்லது, யார் சொல்லி நல்லது என்று இரண்டு மாதமாக எங்களுக்குப் பாடம் நடக்கிறது. இன்னும் முடிவு தெரியவில்லை. ஆகவே இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் கண்ணாடிக் கடையும், அக்காவும், பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டுமா வேண்டாமா என்பது அடுத்த வாரப் பாடம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்திலேயே நின்றுகொண்டு, “யாரு, அண்ணனா? இப்படிக் குடுங்க” என்று பிடுங்கிவிடுவாள். கடிதம் எழுதினாலும் ஆபத்துதான். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த இருபத்தாறு வருஷமும் மற்றவர்கள் எழுதியதைச் சிவப்பு மையில் திருத்திப் பழகியவள், என் கடிதங்களையும் திருத்தாமல் தபாலில் விடமாட்டாள். இப்போது மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். அவள் இறங்கி வருவதற்குள் முடித்தாக வேண்டும். கையெழுத்து நடுங்கியிருந்தால் அவசரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிதான் அவசரம், மீதி பயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இத்தனைக்கும் காரணம் நீங்கள்தான். “ரிட்டயர் ஆகி மூணு வருஷமா ரெண்டு பேரும் டிவி முன்னாடியே உக்காந்திருக்கீங்களே, மூளைக்கு ஏதாவது வேலை குடுங்க” என்று ஒரு துண்டுப் பிரசுரத்தை அனுப்பினீர்களே, நினைவிருக்கிறதா? ஓய்வுபெற்றவர்களுக்கு அறம், நீதி, கடவுள் பற்றிய பழைய பெரிய கேள்விகள், செவ்வாய், வியாழன் காலை பத்து மணி, நூலகத்து மாடி. தோட்டக்கலை வகுப்பும் அதே பிரசுரத்தில்தான் இருந்தது. கத்தரிச்செடியைப் பற்றிப் படித்திருந்தால் இன்றைக்கு நான் மனுஷனாக இருந்திருப்பேன். “செடி வளக்குறத நான் பாத்துக்கறேன், நீங்க இத்தன வருஷம் யோசிக்காததையெல்லாம் யோசிங்க” என்று இரண்டு பேர் பெயரையும் அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பாடம் நடத்தும் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மிருதுவாகப் பேசுவார், பேசும் விஷயமெல்லாம் கொலை. முதல் நாள் எல்லோரும் தங்கள் வேலையைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டோம். நான் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப சாருக்கு ஒரு கேள்வி. ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்துக்கிட்டிருக்கு. உள்ள அஞ்சு பேர். நீங்க ஒரு பொத்தானை அமுக்கினா அது நின்னுரும். ஆனா பக்கத்து லிஃப்ட் விழுந்துரும், அதுல ஒருத்தர் இருக்கார். அமுக்குவீங்களா?” என்றார். நான் எழுந்து நின்று, லிஃப்ட் அப்படி விழாது, ஐந்தாறு இரும்புக் கயிறுகள் உண்டு, ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும், அத்தனையும் அறுந்தாலும் பக்கவாட்டில் பிரேக் கவ்விப் பிடிக்கும் என்று விளக்கினேன். “பிரேக் இல்லன்னு வெச்சுக்குங்க சார்.” “பிரேக் இல்லாம யார் மேடம் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க?” “யாரோ குடுத்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க.” “அப்ப மொதல்ல அந்த ஆளைப் பிடிங்க!” என்று நான் கத்தியதில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம் போனது. உங்கள் தங்கை மட்டும், “அந்த ஒருத்தர் யாருன்னு போய்க் கேட்டுட்டு அமுக்குவேன்” என்றாள். அதற்கு அந்த அம்மா, “அருமையான பதில்” என்று பலகையில் எழுதிப் போட்டார்.

“மொதல்ல அந்த ஆளைப் பிடிங்க” என்று நான் சொன்னதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது மறக்கவே இல்லை.

அடுத்தது நீதி. நாம் யாராக இருக்கப்போகிறோம் என்று தெரியாமல் விதிகளை எழுதினால்தான் அவை நியாயமாக இருக்கும் என்றார். வீட்டுப்பாடம்: நீங்கள் கணவனா மனைவியா என்று தெரியாது என்று வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வேலைகளைப் பிரித்து எழுதி வாருங்கள். எனக்குத்தான் எதைக் கண்டாலும் பயமாயிற்றே, ஒருவேளை மனைவியாகிவிட்டால் என் கதி என்ன என்று நினைத்து நினைத்து, மனைவிக்குக் காலைத் தேநீர் தவிர ஒரு வேலையும் இல்லாமல் எழுதிவிட்டேன். அந்தத் தேநீரையும் அவள் குடித்தால் போதும். வகுப்பிலேயே சிறந்த விடை என்று பாராட்டு கிடைத்தது. உங்கள் தங்கை அதில் கையெழுத்து வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். ஐந்து வாரமாகப் பாத்திரம் தேய்க்கிறேன். பயந்தவன் எழுதும் சட்டம் இவ்வளவு நியாயமாக அமையும் என்று முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக எழுதியிருப்பேன்.

இதுவரைக்கும் சிரிப்பு, மச்சான். இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் கேட்டார்: “ரெண்டு மருந்துக்கடைக்காரங்க. ரெண்டு பேருமே சீட்டைப் படிக்காமலே மருந்தை எடுத்துக் குடுத்துட்டாங்க. ஒருத்தர் குடுத்தது தற்செயலா சரியான மருந்து, யாருக்கும் ஒண்ணும் ஆகல. இன்னொருத்தர் குடுத்தது தப்பான மருந்து, ஆள் போயிட்டார். ரெண்டு பேர்ல யாரோட குற்றம் பெருசு?” எங்கள் வகுப்பில் தபாலாபீஸிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார், யார் எது சொன்னாலும் தலையாட்டுவதால் ஆமாஞ்சாமி என்று பெயர். அவர் இரண்டாமவர் குற்றம்தான் பெரிது என்றதற்கும் தலையாட்டினார், இரண்டும் சமம் என்றதற்கும் தலையாட்டினார். உங்கள் தங்கை, “ரெண்டும் ஒரே குற்றம்தான் மேடம். மொத ஆளுக்கு அது தெரியாமலே வயசாயிரும், அவ்வளவுதான் வித்தியாசம்” என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்தவன், நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். பதினோரு வருஷங்களுக்கு முன்பு, உங்கள் தங்கை வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் படுக்கை லிஃப்டுக்கு வருஷாந்தர சோதனை. அந்தப் பகுதி அந்த ஒரு வருஷம் மட்டும் என் பொறுப்பில் இருந்தது. லிஃப்டை இழுக்கும் மெஷின் ரூம் மொட்டைமாடிக்கும் மேலே, இருபத்திரண்டு படி இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அன்றைக்கு மழை. அதற்கு முந்தின வாரம் வேறோர் இடத்தில் ஏணியில் கால் வழுக்கி ஒரு கையில் தொங்கியிருந்தேன். அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. கீழே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். “போன வருஷம் எல்லாம் சரியா இருந்துச்சு சார்” என்று பழைய சான்றிதழைக் காட்டினார்கள். நாளைக்கு மழை விட்டதும் வந்து ஏறிவிடலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அந்த ஏணியில் ஏறவே இல்லை, மச்சான். முப்பத்தாறு வருஷத்தில் ஏறாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். பார்க்காமலே எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அந்த முதல் மருந்துக்கடைக்காரன்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்கிறீர்களா? உங்கள் தங்கையின் கழுத்தில் கட்டி இருப்பதும், வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதை எடுக்கப்போவதும் உங்களுக்குத் தெரியும். கோலிக்குண்டு அளவுதான், எடுத்துப் பரிசோதித்தால்தான் என்னவென்று தெரியும் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். ஆபரேஷன் தியேட்டர் நாலாவது மாடியில். படுக்கையோடு அவளைத் தள்ளிக்கொண்டு போவது அந்த லிஃப்டில்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் வேறு ஆட்கள் சோதித்திருப்பார்களே, ஏன் அலட்டிக்கொள்கிறாய் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன், கடவுள் பாடம் வருகிறவரை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதற்குக் காரணமாக இன்னொன்று இருக்கிறது, அதற்கும் முன்னால் இன்னொன்று, இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருக்க முடியாது, எதையும் சாராமல் முதலில் ஒன்று நின்றே ஆக வேண்டும் என்று சிலர் வாதாடுவதாக அந்த அம்மா சொன்னார். மற்றவர்களெல்லாம் வானத்தைப் பார்த்தார்கள். எனக்கு லிஃப்டுக்குள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்தான் கண்முன் வந்தது. இந்த வருஷக் கையெழுத்து போன வருஷக் கையெழுத்தைப் பார்த்துப் போட்டது. போன வருஷத்தது அதற்கு முந்தியதைப் பார்த்து. நான் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் போட்டதைப் பார்த்துப் போட்டேன். அந்தப் பெரியவருக்கோ தொப்பை. ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் நுழைந்திருக்க வழியே கிடையாது. அப்படியானால் ஏணியில் தன் காலால் ஏறிப்போய்ப் பார்த்த முதல் இன்ஸ்பெக்டர் யார்? அப்படி ஒருவர் உண்டா? நான் கையைத் தூக்கி, “மேடம், அந்த முதலாவது ஆள் இல்லவே இல்லன்னா என்ன ஆகும்?” என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. கடவுளைப் பற்றி இவ்வளவு உருக்கமாக யாரும் கேட்டதில்லை என்று அந்த அம்மா கண் கலங்கினார். ஆமாஞ்சாமி என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே, எனக்குப் பிறகு அந்தப் பகுதியைப் பார்த்துவரும் என் பழைய உதவியாளனுக்குப் போன் போட்டேன். “தம்பி, அந்த ஆஸ்பத்திரி மெஷின் ரூமுக்கு நீ ஏறிப் பாத்திருக்கியா?” என்றேன். “எதுக்கு சார் ஏறணும்? நீங்க கையெழுத்துப் போட்ட லிஃப்ட் சார் அது! உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை!” என்றான். வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

சரி, பதினோரு வருஷம் தாமதமானாலும் நானே ஏறிப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின் ரூமைப் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்ற கவலையே இல்லை, அதுவரை போனால்தானே. எட்டாவது படியில் கால் மரத்துவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அரை மணி நேரம் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து காவலாளி, “யார் சார் நீங்க? என்ன பண்றீங்க?” என்றார். வாயில் என்ன வருகிறது என்று தெரியாமல், “முதல் காரணத்தைத் தேடுறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒவ்வொரு படியாகக் கால் பிடித்து இறக்கி, பெயரையும் வீட்டு நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டு, நேராக மனநோய்ப் பிரிவுக்கு வழிகாட்டினார். நல்ல மனிதர்.

கடைசியாக உங்கள் தங்கையிடமே ஒரு யுக்தியை முயன்றேன். கடவுளை நம்பினால் நஷ்டம் கொஞ்சம், நம்பாமல் அவர் இருந்துவிட்டால் நஷ்டம் பெரிது, ஆகவே நம்பிவிடு என்று ஒரு பழைய வாதம் உண்டு. என் போன்ற ஆளுக்கு ரொம்பப் பிடித்த வாதம். உபரிக் கயிறு மாதிரி. அதே முறையில், “ஏம்மா, லிஃப்டுல போகாம படியில போனா என்ன? லிஃப்ட் நல்லா இருந்தா கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். லிஃப்ட் சரியில்லன்னா உசுரு மிச்சம்” என்றேன். அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே, “வெறும் வயித்தோட நாலு மாடி ஏறச் சொல்றீங்க. நடுவுல மயங்கி உருண்டா, அதை எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?” என்றாள். அப்புறம், “லிஃப்டுல என்ன குறைன்னு சொல்லுங்களேன், கேப்போம்” என்று என் முகத்தையே பார்த்தாள். பாத்திரம் கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

உங்கள் தங்கைக்குப் பயம் என்பதே கிடையாது, மச்சான். சீட்டி அடித்துக்கொண்டு பையில் துணி அடுக்குகிறாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. இதை முப்பத்து நாலு வருஷத்தில் அவளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகி, அது என் கையெழுத்தால் ஆனது என்றால் நான் என்ன செய்வேன்?

ஆகவே மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கொளுத்திவிடவும். உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தையும் தெரியக் கூடாது. அடுத்து, அவளுக்குப் போன் செய்து, உங்கள் ஊரில் கைராசியான டாக்டர் ஒருவர் இருப்பதாகவும், அவருடைய தியேட்டர் தரைத்தளத்தில் இருப்பதாகவும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே புறப்பட்டு வரவேண்டும் என்றும் சொல்லவும். அப்படி ஒரு டாக்டர் இல்லையென்றால் தேடிப் பிடிக்கவும். அப்புறம், தயவுசெய்து நீங்கள் இங்கே வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் உளறிவிடுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த ஆசிகள். அவர்கள் என்ன படித்தாலும் சரி, இதை மட்டும் படிக்க வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பையும் மன்னிப்பையும் வேண்டும்
மைத்துனன்
(லிஃப்ட் இன்ஸ்பெக்டர், ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிப்போன ஒரு நிமிஷத்தில் அவள் இறங்கி வந்துவிட்டாள். முழுக்கப் படித்தாள். பதினேழு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள். உள்ளே அந்த லிஃப்டின் முழுச் சோதனை அறிக்கை இருந்தது. தேதி, நான் கையெழுத்துப் போட்ட நாளுக்கு மறுநாள்.

“ஏணி ஏறிட்டு வந்தா உங்க சட்டையில கிரீஸ் இல்லாம இருக்காது. அன்னிக்குத் துவைக்கப் போட்ட சட்டையில ஒரு பொட்டுக்கூட இல்ல” என்றாள். மறுநாள் காலையிலேயே லிஃப்டைப் பூட்டிப் ‘பழுது’ என்று பலகை மாட்டி, நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் படி வழியாகத் தூக்கவிட்டு, கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்து, மணல் மூட்டை ஏற்றி ஒவ்வொன்றாகச் சோதிக்க வைத்திருக்கிறாள். அவன் ஏமாற்றிவிடக் கூடாது என்று இவளும் கூடவே இருபத்திரண்டு படியும் ஏறியிருக்கிறாள். அதன்பின் வருஷா வருஷம் அப்படித்தான் நடக்கிறதாம்; இவளுக்குப் பின் வந்த நர்ஸும் ஏறுகிறாளாம். என்னை ஏணியிலிருந்து இறக்கிய காவலாளி அன்றைக்கே இவளுக்குப் போன் செய்துவிட்டாராம். முதல் இன்ஸ்பெக்டர் கிடைத்துவிட்டார், மச்சான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறார்.

“அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?” என்றேன். “நீங்களா சொல்வீங்கன்னு பதினோரு வருஷமாப் பாத்துக்கிட்டிருந்தேன். லிஃப்ட் எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு. நீங்கதான் சரியில்ல” என்றாள். பழைய அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிவிடும்படி சொன்னாள், திங்கட்கிழமை எழுதுகிறேன். அந்த உதவியாளனையும் ஏணியில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வேன்.

இன்னும் ஒன்று. பிழைகள் தவிர, கடிதத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் அவள் முழுக்க அடித்திருக்கிறாள். ‘உங்கள் தங்கைக்குப் பயம் என்பதே கிடையாது’ என்ற வரி. ஓரத்தில் சிவப்பு மையில் ‘இருக்கு’ என்று எழுதியிருக்கிறாள், பாருங்கள்.

அதனால் நீங்கள் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். அந்த லிஃப்டில் ஒரு படுக்கையும், கூடவே இரண்டு பேரும் போகலாம் என்று பலகையில் போட்டிருக்கிறது. ஒருவன் நான். இன்னொரு இடம் காலியாக இருக்கிறது.